ஆறு குழிக் கல்

"ஈம், ரெண்டு டிக்கெட்" என்று பஸ் டிரைவரிடம் கேட்டதும் பின்னால் நின்ற அம்மா என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன கண்ணு, ஈமமா? நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேர்ல ஒரு ஊருக்கா கூட்டிட்டுப் போற?"

எழுத்தைப் பார்த்தால் 'எயாம்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஷெஃபீல்டுக்குக் குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். உள்ளூர்க்காரர்கள் நாக்கில் அது ஈம். தமிழில் அந்தச் சொல் எங்கே போய் முட்டுகிறது என்பது அம்மா கேட்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. பெயரை மாற்றிச் சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அம்மாவை நான் கூட்டிப்போனதே இங்கிலாந்தில் பிளேக்குக்குப் பேர்போன ஊருக்கு.

அம்மா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லண்டன் பார்த்தாயிற்று, யார்க் பார்த்தாயிற்று. "கூட்டம் இல்லாத எடமா ஒண்ணு காட்டு" என்றாள். ஷெஃபீல்டிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் ஈம். நகரம் முடிந்ததும் பஸ் மேட்டில் ஏறத் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி. ஹெதர் பூத்து முடிந்து பழுப்பேறிக் கிடந்த மேட்டு வெளி, அதன் பிறகு சரிவெல்லாம் கல் சுவர்கள், நடுவில் செம்மறி ஆடுகள். பீக் டிஸ்டிரிக்ட் என்கிற இந்தப் பகுதிதான் 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கி மைல்கணக்கில் சுவர் எழுப்பியிருக்கிறார்களே, மாடு முட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை.

இறங்கினால் தெருவில் ஆளில்லை. சாம்பல் கல் வீடுகள், கல் ஓடு, சன்னலோரம் ஜெரேனியம். எங்கோ ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நம்மூர்ல தெரு இப்பிடிக் கெடந்தா ஏதோ ஒரு ஊட்ல துக்கம்னு அர்த்தம்."

தேவாலயத்தை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. இன்றும் ஆள் குடியிருக்கும் வீடுகள்தான், வாசலில் குப்பைத்தொட்டி, சைக்கிள் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை. முதலில் நின்ற வீட்டுப் பலகையை அம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். மேரி ஹேட்ஃபீல்ட் என்பவள் குடியிருந்த வீடு. முதல் கணவர் கூப்பர் இறந்தபின் அலெக்ஸாண்டர் ஹேட்ஃபீல்ட் என்ற தையற்காரரைக் கட்டிக்கொண்டவள். முதல் கணவருக்குப் பிறந்த இரண்டு பையன்கள், புதுக் கணவர், தையல் வேலைக்கு இருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்று வீட்டில் ஐந்து பேர். 1665 செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸ் செத்தான். செப்டம்பர் 22-இல் நான்கு வயது எட்வர்ட். அக்டோபர் 2-இல் பன்னிரண்டு வயது ஜோனதன். மறு ஆண்டு ஆகஸ்ட் 3-இல் கணவர். மேரி மட்டும் பிழைத்தாள். உறவில் மொத்தம் 13 பேரைப் பறிகொடுத்தாள்.

"பதிமூணா?" என்றாள் அம்மா. பலகையில் விரலை வைத்து அந்த எண்ணைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பலகை இன்னும் சுருக்கம். தோர்ப் குடும்பத்தில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் போய்விட்டார்கள்.

ஊரில் சொல்லிவரும் கதை இது. லண்டனிலிருந்து தையற்காரருக்கு ஒரு பெட்டித் துணி வந்தது. லண்டனில் அந்த வருஷம் பிளேக், இறப்புப் பட்டியலில் பதிவானது மட்டும் 68,596. துணி ஈரமாக இருக்கிறதே என்று விக்கர்ஸ் கணப்படுப்பின் முன்னால் விரித்துக் காயவைத்தான். அதில் இருந்த தெள்ளுப்பூச்சிகளுக்குச் சூடு பட்டு உயிர் வந்தது. சில நாளில் அவன் காலி.

தெள்ளுப்பூச்சிதான் எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று அன்று ஈம்காரர்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் 233 வருஷம் ஆனது. 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் சொன்னார், அதையும் பல வருஷம் யாரும் நம்பவில்லை. கெட்ட காற்று என்றும் கடவுள் கோபம் என்றும்தான் 1665-இல் நினைத்தார்கள். போதாக்குறைக்கு, ஈமின் பதிவேடுகளை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு தெள்ளுப்பூச்சியின் பங்கே கால்வாசிதான், முக்கால்வாசித் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் போயிருக்கிறது என்கிறது. அப்படியானால் ஒரே வீட்டுக்குள் ஏன் வரிசையாகச் செத்தார்கள் என்பது புரிகிறது. ஊரைப் பூட்டியதில் பயன் இருந்திருக்கும் என்பதும் புரிகிறது.

ஆமாம், பூட்டினார்கள். ஆனால் உடனே இல்லை, இந்த இடத்தைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நோய் வந்தது 1665 செப்டம்பரில். குளிரில் கொஞ்சம் அடங்கி, கோடையில் மறுபடி சீறியது. இடைப்பட்ட மாதங்களில் போக இடம் இருந்தவர்கள் போய்விட்டார்கள். ஊரின் பணக்காரக் குடும்பமான பிராட்ஷாக்கள் கிளம்பினார்கள். ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன் தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியூர் அனுப்பினார். 1666 ஜூனில் அவர் ஊரைக் கூட்டி "இனி யாரும் வெளியே போகக்கூடாது" என்று கேட்டபோது, கேட்க மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் ஈயச் சுரங்கக்காரர்களும் சிறு விவசாயிகளும்தான். இதைச் சொல்வதால் அவர்கள் செய்தது சிறியதாகிவிடாது. ஆனால் யார் செய்தது என்பது தெரிய வேண்டும் இல்லையா?

மாம்பெஸனுக்கு அப்போது 28 வயது. ஊருக்கு வந்தே இரண்டு வருஷம்தான். ஊருக்கு அவரைப் பிடிக்காது. பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியைத்தான் பிடிக்கும். 1662-இல் அரசு கொண்டுவந்த வழிபாட்டுச் சட்டத்தை ஏற்காததால் பதவியை இழந்து, ஊர்ப்பக்கமே ஒதுங்கிக் கிடந்தவர் அவர். மாம்பெஸன் சொன்னால் ஊர் கேட்காது. அதனால் எதிர்முகாம் ஆளான ஸ்டான்லியைத் தேடிப்போய்ப் பேசினார். இருவரும் ஒன்றாக நின்று சொன்ன பிறகுதான் ஊர் தலையாட்டியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான், தியாகத்தைவிட இது அபூர்வம்.

முடிவெடுத்தவை மூன்று. ஊர் எல்லையை யாரும் தாண்டுவதில்லை. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தில் திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று வழிபாடு. மூன்றாவது, இனி ஊர்கூடி அடக்கம் இல்லை, அவரவர் வீட்டுச் சாவை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லும்போது அம்மா எதுவும் பேசவில்லை. சால்வை நுனியை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

தேவாலயத்துக்குள் 1985-இல் வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இந்தக் கதையைச் சொல்கிறது. அதில் ஒரு காதல் ஜோடியும் உண்டு, ஈம் பெண் எம்மட் சிடலும் பக்கத்து ஊர் ஸ்டோனி மிடில்டனின் ரோலண்ட் டோரியும். தொற்றுக்குப் பயந்து தொடாமல், பள்ளத்தின் இரு பக்கம் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை என்று முதலில் உதறினேன். பிறகு தேதி உறுத்தியது. எம்மட் இறந்தது 1666 ஏப்ரல் 29. ஊரைப் பூட்டியது ஜூனில். ஆக, கதை உண்மையென்றால் இவர்கள் விலகி நின்றது யாரும் சொல்லி அல்ல.

தேவாலய முற்றத்தில் பிளேக்கைவிட எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் மூத்த சாக்சன் காலச் சிலுவை ஒன்று நிற்கிறது, உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கொடி வேலைப்பாடு. அதன் பக்கத்தில்தான் மாம்பெஸனின் மனைவி கேத்தரின் கல்லறை. போய்விடு என்று கணவர் சொல்லியும் போகாதவள், 1666 ஆகஸ்ட் 25-இல் போனாள், 27 வயது. சுவரில் 1775-இல் பதித்த சூரியக் கடிகாரம் இருக்கிறது, தூரதேசத்து ஊர்களின் நண்பகலைக்கூடக் காட்டுமாம். அன்று வெயில் இல்லை, எதையும் காட்டவில்லை.

சின்ன மியூசியம் ஒன்றும் உண்டு, 1994-இல் திறந்தது. கூரைமேல் காற்றுத்திசை காட்டியில் வழக்கமாகச் சேவல் இருக்கும் இடத்தில் எலி. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்தது. "பிள்ளையார் எங்க போனாரு, வாகனத்த மட்டும் நிறுத்திட்டு?" என்றாள்.

எலியைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. கோயமுத்தூரிலும் பிளேக் உண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலை அலையாக. இன்றும் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. வீட்டில் எலி செத்து விழுந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள் என்று பாட்டி சொல்வாளாம். ஈம் உள்ளேயே இருந்தது, நம்மவர்கள் வெளியே போனார்கள். இடையில் அரசாங்கம் வந்து செய்தது வேறு கதை. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்ததும் 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டார்கள். புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டதில் ஊர் கொதித்து, பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டதில் போய் முடிந்தது. அந்த 1897 சட்டத்தைத்தான் 2020-இல் நாமும் தூசு தட்டி எடுத்தோம்.

ரைலி கல்லறைகள் ஊருக்குக் கிழக்கே, மேட்டில். மெதுவாக ஏறினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்தடிக்கு ஒருமுறை நின்று ஆடுகளைப் பார்ப்பதுபோல் பாவனை. புல்வெளிக்கு நடுவில் வட்டமாக ஒரு தாழ்ந்த கல் சுவர். உள்ளே ஏழு பேர். ஹேன்காக் குடும்பம். ஜான் ஹேன்காக்கும் ஆறு பிள்ளைகளும், 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை. எட்டே நாள். ஏழு பேரையும் தன் கையால் குழிவெட்டிப் புதைத்தவள் எலிசபெத் ஹேன்காக், அவர்களின் தாய். அவளுக்கு நோய் வரவில்லை. எல்லாம் முடிந்தபின் ஷெஃபீல்டில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தாள்.

அம்மா சுவரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "குழி வெட்டறதுக்குக்கூட ஒரு ஆள் தொணைக்கு வர்லியா?"

"வரக்கூடாதும்மா. அதான் பேசி வெச்சது."

"தெரியுது."

சிங்காநல்லூர் மாமா, அம்மாவின் அண்ணன், 2021 மே கடைசி வாரம் போனார். அந்த வாரத்தில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியிருந்தது. பொள்ளாச்சியிலிருந்து சிங்காநல்லூர் ஒரு மணி நேர வழிதான். அம்மாவால் போக முடியவில்லை. மின்மயானத்தில் நாலு பேர், அதில் இரண்டு பேர் யாரென்றே தெரியாத நீல உடைக்காரர்கள். வாட்ஸ்அப்பில் யாரோ நடுங்கும் கையோடு பிடித்த ஒன்றரை நிமிஷ வீடியோ. ஷெஃபீல்டில் நான் அதைப் பார்த்தேன். அம்மா பார்த்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை. அன்று அந்தச் சுவரிலும் கேட்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன், சர்க்கரை பத்தவில்லை என்றாள்.

14 மாதத்தில் ஈமில் 260 பேர் இறந்தார்கள், 1666 நவம்பர் 1-ஆம் தேதிச் சாவுதான் கடைசி. மாம்பெஸன் பிழைத்து, 1669-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வருகிறவர் என்று அங்கே ஊருக்குள் விடாமல், ஒரு தோப்பில் குடிசை போட்டுத் தங்க வைத்தார்களாம். ஈமில் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு 'பிளேக் ஞாயிறு'. கக்லெட் டெல்ஃபில் கூடி வழிபடுகிறார்கள். அதையொட்டி, களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களைப் பதித்துச் சித்திரம் செய்து கிணற்றடியில் வைப்பார்கள். டெர்பிஷயர் முழுக்க இந்த வழக்கம் உண்டு. தரையிலிருந்து எழுந்து நிற்கும் பூக்கோலம்போல இருக்கும். நாங்கள் போனது ஒரு மாதம் தாமதம்.

கடைசியாக எல்லைக்கல். அம்மாவை அவ்வளவு தூரம் நடக்க வைக்க வேண்டாமென்று நினைத்தேன், அவள் விடவில்லை. சந்து வழியே போய், வேலித் திறப்பு தாண்டி, வயல் சரிவில் இறங்கினால் ஸ்டோனி மிடில்டன் பக்கமாக ஒரு கல் கிடக்கிறது. வேலி கிடையாது, கோபுரம் கிடையாது. இங்கே ஓர் எல்லை இருந்தது என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி. குத்துக்கல்கூட இல்லை, மாடு படுத்திருப்பதுபோல ஒரு கிடைக்கல். மேலே ஆறு குழிகள். காசில் ஒட்டிய நோயை வினிகர் போக்கிவிடும் என்று நம்பி, ஈம்காரர்கள் இந்தக் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். வெளியூர்க்காரர்கள் ரொட்டி, மருந்து, மற்ற சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு வடக்கே மாம்பெஸன் கிணறு என்கிற ஊற்றடியிலும் இதே ஏற்பாடு. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார்.

அம்மா குனிந்து ஒரு குழிக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உள்ளே முந்தின நாள் மழைத்தண்ணீர், ஓர் இலை, யாரோ போட்ட பச்சை பூத்த இரண்டு பென்னி.

"இந்த ஊர் மழைக்கு இதுல வினிகர் எத்தன நாழி நிக்கும்? ரெண்டு தூத்தல் போட்டா வெறும் தண்ணிதான்."

"ஆமாம்மா."

"தெரிஞ்சேதான எடுத்துட்டுப் போயிருப்பாங்க, காச?"

நான் அதை யோசித்ததில்லை. அவள் கீழே ஸ்டோனி மிடில்டனின் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவங்க பேரெல்லாம் ஊடூடா எழுதி வெச்சிருக்காங்க. சோறு கொண்டாந்து வெச்சவங்க பேரு எங்கியாவது இருக்கா?"

பிரபு பேர் இருக்கிறது என்றேன். "அவரு ஆளுகிட்ட குடுத்து உட்டிருப்பாரு. இந்தக் கல்லு வரைக்கும் நடந்து வந்தது யாரு?"

நான் பார்த்தவரைக்கும் எந்தப் பலகையிலும் அந்தப் பெயர்கள் இல்லை.

மேலேறி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மணி இரண்டு. கோயமுத்தூரில் ஆறரை, அத்தை விளக்கு வைத்திருப்பாள். அம்மா போனை வாங்கி அத்தையைக் கூப்பிட்டாள். குளிர், கால் வலி, எலி பொம்மை, ஏழு கல்லறை என்று எல்லாம் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் கேட்டாள்: "அண்ணி, அண்ணன் போனப்ப உங்களுக்கும் காய்ச்சல் வந்து தனியாக் கெடந்தீங்கல்ல? அப்ப கேட்ல சோறு மாட்டிட்டுப் போனது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும்.

"எங்க அம்மிணி தெரிஞ்சுது? பெல் அடிக்கும். நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆளு போயிருக்கும். தூக்குப்போசியக் கழுவி மறுபடி கேட்லயே மாட்டி வெப்பேன், அடுத்த நாள் வேற போசி தொங்கும். பதினஞ்சு நாள். எந்திரிச்சு நடமாடினதுக்கப்பறம் தெருவுல நாலு ஊட்ல கேட்டுப் பாத்தேன், யாரும் நாங்கதான்னு சொல்லல. கடேசியா வந்த போசி ஒண்ணு இன்னும் நம்மூட்லதான் இருக்குது. மூடில 'பி'ன்னு ஒரு எழுத்து கொத்தியிருக்குது. அடுக்குல வெச்சிருக்கறேன். வந்து கேட்டாக் குடுத்தர்லாம்னு."